எல்லாம் வசதியா இருக்குது சார்

எங்கள் கம்பெனியின் மூன்றாம் நம்பர் ஹாலில் நூற்றியெண்பது பேர் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறார்கள். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களின் ஆடிட் வருகிற நாளில், அவர்களில் நான்கு பேரைத் தனி அறையில் உட்காரவைத்து ஆடிட்டர் கேள்வி கேட்பார். அந்த நான்கு பேரை அவரே பொறுக்கியெடுக்க வேண்டும் என்பது விதி. விதி அதன் பாட்டுக்கு இருக்கும். நான் என் பாட்டுக்குச் சம்பூர்ணக்காவை வாசலுக்குப் பக்கத்து மிஷினில் உட்காரவைத்திருப்பேன். உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த வட்ட முகமும் அகலக் குங்குமமும்தான்.

நான் பாரதி. ஆம்பூர்ப் பக்கத்தில் பதின்மூன்று வருடமாகத் தொழிலாளர் நல அதிகாரி. பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவர்கள் நலமாக இருக்கிறார்களா என்று பார்ப்பதைவிட, நலமாக இருக்கிறோம் என்று அவர்களைச் சொல்லவைப்பதுதான் என் வேலையில் ஜாஸ்தி. ஆடிட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே கேண்டீனில் பாடம் ஆரம்பித்துவிடும். குடிக்கிற தண்ணீர் எப்படி? நல்லா இருக்குது சார். பாத்ரூம் போக விடுகிறார்களா? எப்ப வேணா போலாம் சார். குறை ஏதாவது உண்டா? எல்லாம் வசதியா இருக்குது சார்.

மற்றவர்கள் இதைச் சொல்லும்போது வேர்த்துக் கொட்டும். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். சம்பூர்ணக்கா மட்டும் சந்தையில் கத்தரிக்காய் விலை சொல்வதுபோல் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார். பதினாலு ஆடிட் பார்த்தவர். மாதனூர் பக்கத்துக் கிராமம். கம்பெனி பஸ்ஸில் இருபத்தைந்து வருடம் வந்து போனவர். தீயணைப்புப் பயிற்சி நாளில் ஆரஞ்சுக் கோட்டு மாட்டிக்கொண்டு ஹாலையே காலிசெய்து தலை எண்ணுகிற வார்டனும் அவர்தான்.

இந்த ஆயுத பூஜைக்கு, இருபத்தைந்து வருடம் முடித்தவர்களுக்கென்று கம்பெனி ஒரு குலுக்கல் வைத்தது. முதல் பரிசு சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் இரண்டு இரவு, இரண்டு பேருக்கு. சீட்டில் வந்தது சம்பூர்ணக்கா பெயர். மேடையில் முதலாளி கொடுத்த அட்டையில் ஒரு படம் இருந்தது. வெள்ளைப் படுக்கை, அதற்குத் தலைமாட்டில் பெரிய ஜன்னல், ஜன்னல் நிறையக் கடல். கீழே 'ஜன்னல் அறை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அவர் வீட்டுக்காரர் கன்னியப்பன் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். பஸ்ஸில் ஆம்பூரைத் தாண்டினாலே வாந்தி எடுக்கிற மனிதர். "கப்பல்ல ஏறினா என்ன பொணமாத்தான் எறக்குவாங்க, நீ போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்த அட்டையைக் காலண்டர் ஆணியில் மாட்டிவைத்து, தினமும் காபி குடித்துக்கொண்டே பார்த்தாராம். கிளம்புகிற அன்று ஒரே ஒரு ஆசை சொல்லியனுப்பினார். "நீ படுக்கற எடத்துலருந்து அந்த ஜன்னல போன்ல காட்டு. நான் இங்கருந்தே கடல பாத்துக்கறேன்."

துணைக்கு என்னை அழைத்தார் சம்பூர்ணக்கா. ஹாலில் அத்தனை தோழிகள் இருக்க என்னை ஏன் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் மேடம் இங்கிலீஷ் வரும்" என்றார். எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது.

துறைமுகத்தில் பையைச் சோதித்த இடத்திலேயே கதை ஆரம்பித்தது. இரண்டு நாளுக்கு வருமே என்று ஒரு தூக்கு நிறையப் புளிசாதம் கட்டி வந்திருந்தார். சமைத்த சாப்பாடு கப்பலுக்குள் போகக் கூடாது என்று ஒரு அம்மாள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். எனக்கே வயிறு எரிந்தது. சம்பூர்ணக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "பரவால்ல மேடம், எல்லாம் சரியாத்தான் பண்றீங்க" என்று அவருக்குச் சான்றிதழ் வேறு கொடுத்தார்.

கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை தந்தார்கள். அதைக் காட்டினால்தான் கப்பலுக்குள் விடுவார்கள், அறைக்கதவும் திறக்கும். வாசலில் அட்டையை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. சம்பூர்ணக்கா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்னு பத்து. இன் பஞ்ச் ஆயிடுச்சா மேடம்?"

"இது வேலைக்கு இல்லக்கா. நாம இங்க விருந்தாளி."

"அப்ப அவுட் பஞ்ச் எப்ப?"

சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது அடி நீளத்துக்குப் பண்டம் பரப்பியிருந்தார்கள். சனங்கள் ஒரு மணி நேரமாக மென்றுகொண்டிருந்தார்கள். சம்பூர்ணக்கா சாதம், சாம்பார், ஒரு பொரியல் மட்டும் போட்டுக்கொண்டு பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். பிறகு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கழுவுகிற இடம் தேடி ஒரு சுற்று வந்தார். வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர் அதை வாங்கிக்கொண்டதும், ஏதோ திருடிவிட்டவர்போல் கூசிப்போய் என் பின்னால் வந்து நின்றார். "எனக்குன்னு ஒரு மனுசன் தட்டு கழுவறதாவது" என்று ரொம்ப நேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் அறை நான்காவது தளத்தில் இருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்த நீண்ட தாழ்வாரத்தில் அறை வாசலில் இருந்தது அந்த ஒரு ஜோடி செருப்பு மட்டும்தான். உள்ளே வெள்ளைப் படுக்கை இருந்தது. தலைமாட்டில் நீலத் திரை இருந்தது. படத்தில் இருந்தது போலவே எல்லாம் இருந்தது.

சம்பூர்ணக்கா முதலில் முகம் கழுவினார், குங்குமத்தைச் சரிசெய்தார். பிறகுதான் திரையைப் பிடித்து இழுத்தார். பின்னால் சுவர் இருந்தது. சுவரில் ஒரு மீன் படம் மாட்டியிருந்தது.

திரையை மறுபடி மூடினார். மறுபடி திறந்தார். மீன் அங்கேயே இருந்தது.

"ஜன்னல் இல்லாத ரூம குடுத்துட்டாங்கக்கா" என்று போனை எடுத்தேன். எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் நன்றாக வரும். கப்பல் அலுவலகத்தை நான் வாங்கு வாங்கென்று வாங்கியதில், பத்து நிமிடத்தில் ஒருவர் கையில் டேப்லெட்டோடு கதவைத் தட்டினார். பயணிகளின் குறை கேட்கிற அதிகாரி, பெயர் அமீர் பாஷா. வாலாஜாபேட்டைக்காரர் என்று தெரிந்ததும் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. நம்ம பக்கத்து மனிதர், காரியம் நடந்துவிடும் என்று நினைத்தேன்.

"டிக்கெட் அம்மா பேர்ல இருக்கு. அவங்க வாயால சொன்னாத்தான் நான் பதிய முடியும்" என்றவர், சம்பூர்ணக்காவிடம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. ரூம் எப்படி இருக்கு? தண்ணி, பாத்ரூம், ஏசி எல்லாம் சரியா வருதா? கொறை ஏதாவது இருக்கா?"

அதே கேள்விகள். அதே வரிசை. கையில் எழுதுகிற பலகைகூட அதே மாதிரி.

சம்பூர்ணக்காவின் முதுகு நிமிர்ந்தது. இரண்டு கையும் மடிக்கு வந்து சேர்ந்தன.

"தண்ணி நல்லா இருக்குது சார். பாத்ரூம் சுத்தமா இருக்குது, எப்ப வேணா போலாம். எல்லாரும் மரியாதையா பேசறாங்க. எல்லாம் வசதியா இருக்குது சார்."

"ஜன்னல் இல்லன்னு இந்த மேடம் சொன்னாங்களே?"

"காத்து வருது சார். அதெல்லாம் ஒன்னும் இல்ல."

பாஷா என்னைப் பார்த்தார். நான் ஏதோ வம்புக்காரி என்று முடிவுகட்டிவிட்டது முகத்தில் தெரிந்தது. டேப்லெட்டில் சிரிக்கிற பொம்மையைத் தொட்டுவிட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார்.

"இன்னாக்கா இப்படி பண்ணிட்டீங்க?" கதவு மூடியதும் கத்தினேன்.

"நீங்க சொல்லிக் குடுத்தத கரெக்டா சொல்லிட்டேனே மேடம்" என்றார்.

கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும். அவர் நிஜமாகவே, பாடம் பிசகாமல் ஒப்பித்த நிம்மதியோடு சொன்னார். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் ஒன்னு சொல்லி, இந்த ரூம கூட்டற பொண்ணு யாரோ, அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "கமலத்த மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. ஐந்து வருடம் முன்பு, என் பாடத்தையெல்லாம் தாண்டி, தண்ணீர் சுத்திகரிக்கிற மிஷின் ஓடுவதே இல்லை என்று ஆடிட்டரிடம் சொன்னவள் கமலம். வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டரை மூன்று வாரம் நிறுத்திவைத்தார்கள். மிஷின் ஓட ஆரம்பித்தது உண்மைதான். ஆனால் அந்த மூன்று வாரமும் பஸ்ஸில் கமலத்துக்குப் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. நாலாவது வாரம் அவளே வேலையிலிருந்து நின்றுவிட்டாள். தண்ணீரை எல்லோரும் குடித்தார்கள், சம்பூர்ணக்கா உட்பட. நானும்தான்.

நான்கு மணிக்குக் கப்பல் அதிர ஊதியது. குட்டிக் குட்டியாக ஏழு, நீளமாக ஒன்று. ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்கிற பயிற்சி. மற்ற பயணிகள் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு ஆடி அசைந்து வந்தார்கள். சம்பூர்ணக்கா அறையிலிருந்து பாய்ந்து வெளியே போனதை நான் பார்க்கவே இல்லை, காற்றுதான் பட்டது. தாழ்வாரத்தில் கதவு கதவாகத் தட்டினார். "பைய எடுக்காத! லிஃப்ட்டுல போவாத! லைனா வா!" என்று அவர் போட்ட சத்தத்தில் இந்தி பேசுகிற ஒரு முழுக் குடும்பமே சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நடந்தது. குளியலறையிலிருந்து பாதி நுரையோடு ஒருவரை இழுத்து வந்தார். மேல்தளத்தில் எல்லோரையும் இரண்டிரண்டாக நிறுத்தி, தலை எண்ணி, பொறுப்பாளரிடம் போய், "முப்பத்தியோரு பேரு சார், ஒருத்தரும் மிஸ்ஸிங் இல்ல" என்றார்.

அந்தப் பொறுப்பாளர் வேறு யாருமில்லை, பாஷாதான். அவர் அசந்துபோனார். "எட்டு வருசமா ட்ரில் எடுக்கறேன்மா. ஒரு தளம் மொத்தமா நேரத்துக்கு வந்தது இன்னிக்குத்தான்" என்றார். சம்பூர்ணக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பத்தியோரு பேரை அதட்ட முடிகிறது, ஒரு ஜன்னல் கேட்க வாய் வரவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஐந்து மணிக்குச் சம்பூர்ணக்காவின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. கன்னியப்பன். தலை வாரி, சட்டை போட்டு, விசேஷத்துக்குப் போகிறவர்போல் உட்கார்ந்திருந்தார். பின்னால் காலண்டர் ஆணியில் அந்த அட்டை தொங்கியது.

"கப்பல் கெளம்பிட்டா சிக்னல் போய்டுமாமே. சீக்கிரம் ஜன்னல காட்டு."

சம்பூர்ணக்கா போனை மூடிய திரைப் பக்கம் திருப்பினார். திருப்பியபடியே நின்றார்.

"திரைய தெறடி."

"தெறக்கலாம்... கடல் இப்ப கொஞ்சம் மூடியிருக்குதுங்க."

"கடலு மூடியிருக்குதா? கட ஷட்டரா அது, மூடறதுக்கு?"

"ரூம் நல்லா இருக்குதுங்க. தண்ணி நல்லா வருது. பாத்ரூம் சுத்தமா இருக்குது. எல்லாரும் மரியாதையா..."



"சம்பூர்ணம்," என்றார் கன்னியப்பன். "இது உன் ஆடிட் குரலு. கம்பெனிலருந்து வந்து ராத்திரி கால நீட்டி உக்காந்து, 'இன்னிக்கும் எல்லாம் வசதின்னு சொல்லிட்டு வந்தேன்'னு சொல்லுவியே, அந்தக் குரலு. ஆடிட்காரனுக்கு வேணா தெரியாது, எனக்குத் தெரியும். ஜன்னல் இல்லியா?"

சம்பூர்ணக்கா போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"இல்ல" என்றார்.

"சரி. கேட்டியா?"

"இல்ல."

"போய் கேளு. நான் வைக்கல, இப்படியே உக்காந்திருக்கறேன்."

போனை அணைக்காமலே புடவைத் தலைப்பில் பொத்திக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். மூன்று மாடி படியேறி, கண்ணாடி விளக்கு தொங்கும் பெரிய கூடத்தில், குறை சொல்கிற வரிசையில் போய் நின்றார். முன்னால் நின்றவர்கள் சிங்கம்போல் கர்ஜித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குத் தலையணை உயரம் போதவில்லை. ஒரு அம்மாளுக்குக் காபி ஆறிவிட்டது. சம்பூர்ணக்கா அவர்களை வாய் பிளந்து பார்த்தார். "ஆறின காப்பிக்கா மேடம் இவ்ளோ பேஜாரு?" என்று என் காதில் கேட்டார். அதன்பிறகு அவர் நின்ற தோரணையில் கொஞ்சம் தெம்பு தெரிந்தது.

எங்கள் முறை வந்தது. பாஷா எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க வார்டன் அம்மா, சொல்லுங்க."

"சார், நான் ஒன்னு சொன்னா யாருக்காவது மெமோ குடுப்பீங்களா?"

"மெமோவா? இல்லம்மா."

"ரூம் கூட்டற பொண்ண ஏதாவது சொல்லுவீங்களா?"

"அந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காதும்மா. நீங்க சொல்லுங்க."

நான் வாய் திறக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். சம்பூர்ணக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி நல்லா இருக்குது சார்" என்று ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. "சாப்பாடு நல்லா இருக்குது. பாத்ரூம் நல்லா இருக்குது. ஏசி நல்லா இருக்குது." நிறுத்தினார். "ஜன்னல் இல்ல சார். ஜன்னல்னு சொல்லித்தான் குடுத்தாங்க. எனக்கு ஜன்னல் வேணும்."

அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் பஸ்ஸில் கமலம் தனியாக உட்கார்ந்த சீட்டைத் தேடுவதுபோல் சுற்றிலும் பார்த்தார். யாரும் அவரை முறைக்கவில்லை. பேசி முடித்தும் போகாமல் நின்ற தலையணைக்காரர்கூட, "பின்ன, கேக்காம இருப்பாங்களா?" என்றார்.

பாஷா கணினியைத் தட்டிப் பார்த்தார். டிக்கெட்டில் ஜன்னல் அறை என்றுதான் இருந்தது. அறை பிரிக்கிறபோது கப்பல்காரர்கள் செய்த குளறுபடி. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வராமல் போன ஒரு ஜோடியின் அறையை எடுத்துக் கொடுத்தார். "இத மத்தியானமே சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பேனேம்மா" என்றார். சம்பூர்ணக்கா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடி விளக்கைப் பார்த்தேன்.

எட்டாவது தளம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். திரையை இழுத்தார். ஜன்னல் இருந்தது. கப்பல் அப்போதுதான் நகர்ந்துகொண்டிருந்தது. துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் மெதுவாகப் பின்னால் போயின. பாறைக் கரை போயிற்று. அப்புறம் ஜன்னல் முழுக்கத் தண்ணீர்தான்.

தலைப்பிலிருந்து போனை எடுத்து ஜன்னலில் அழுத்திப் பிடித்தார். "தெரியுதாங்க?"

"தெரியுது, தெரியுது. அடேங்கப்பா!" என்றது போன். பிறகு, "எனக்குத் தல சுத்துது சம்பூர்ணம். நீ பாரு" என்றதோடு லைன் நின்றுவிட்டது. அவர் வைத்தாரா, சிக்னல் போயிற்றா என்கிற வழக்கு இன்றுவரை அவர்கள் வீட்டில் தீரவில்லை.

சம்பூர்ணக்கா நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண்மணி கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பதின்மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை. கால்மணி நேரம் போயிருக்கும்.

"மேடம், ஆடிட்ல கேப்பாங்களே, அத ஒருவாட்டி நீங்க கேளுங்க."

"எதுக்குக்கா?"

"கேளுங்களேன்."

விளையாட்டுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். நானும் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஆடிட்டர்போல் குரலை மாற்றிக் கேட்டேன். "வேலை செய்ற எடத்துல கொறை ஏதாவது இருக்காம்மா?"

அவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்குது மேடம். பேனா எடுங்க."

மேஜையில் கப்பல்காரர்கள் வைத்திருந்த ஒரு சின்னத் தாளும் பேனாவும் இருந்தன. எடுத்தேன்.

"நம்ம ஹால்ல கெழக்கு ஜன்னலுக்கெல்லாம் வெள்ள பெயிண்ட் அடிச்சு வச்சிருக்குது. ரயிலு போறத பாத்துகினு தையல கோட்ட விடறாங்கன்னு அடிச்சது. ஏழு வருசம் ஆவுது. வெளியில மழ பேஞ்சாக்கூட எங்களுக்குத் தெரியறதில்ல. அத சுரண்டணும்."

அந்தப் பெயிண்ட்டை அடிக்கச் சொல்லி ஒட்டிய சுற்றறிக்கையை எழுதியது நான். கீழே கையெழுத்தும் என்னுடையது. அது சம்பூர்ணக்காவுக்கும் தெரியும். ஏழு வருடம் அது அவருடைய மிஷினுக்கு நேர் எதிரே ஒட்டியிருந்தது.

எழுதினேன். கையை நீட்டித் தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டாவது, பாத்ரூம் டோக்கன். அது கையில இருந்தாத்தான் எழுந்து போவ முடியும், ஒரு லைனுக்கு ரெண்டு டோக்கன் பத்தல."

அதையும் எழுதினேன். ஐந்தாவது குறைக்குத் தாள் நிரம்பிவிட்டது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் தாளைத் திருப்பிப் பின்பக்கம் வைத்துக்கொண்டேன்.

"சொல்லுங்கக்கா" என்றேன்.